அத்தியாயம் 9: வீடு மாறினாலும் தபால் வர வேண்டும்

அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தங்குமிடம். மொத்தம் மூன்று அறைகள். அந்தக் குடும்பத்துக்கு முதன்முதலாக இணையத்தளம் செய்துகொடுத்தபோது ஒரு பக்கத்தை மட்டும் மனம் வைத்து எழுதினோம்: லிப்டன் சீட் என்ற மலைக் காட்சி முனைக்கு எப்படிப் போவது. காலையிலேயே தம்பேதன்னை பஸ்ஸில் ஏற வேண்டும். 1890இல் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலைக்கு அருகே இறங்கி, கொழுந்து மலைகளுக்கு ஊடே ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பனிமூட்டம் பள்ளத்தாக்கை மூடிவிடும், அதனால் விடியலிலேயே கிளம்புங்கள். இவ்வளவுதான் அதில் இருந்தது. வந்து தங்கிப் போனவர்கள் தங்கள் பயணக் குறிப்புகளில் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள். நாளடைவில் லிப்டன் சீட்டைத் தேடுபவர்களுக்கு கூகுள் அதை மேலே காட்டத் தொடங்கியது. அறைகளுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பங்கு அந்த ஒரு பக்கத்தால் வந்தவை.

பிறகு தளத்தை வேர்ட்பிரஸுக்கு மாற்றினேன். பழைய தளம் கையால் எழுதிய பிஎச்பி. அதன் பக்க முகவரிகள் கேள்விக்குறி போட்டு எண்ணில் முடியும். புதியதில் எல்லாம் சொற்களாக, பார்க்க அழகாக இருந்தன. பழைய முகவரிகளை அப்படியே விட்டுவிட்டேன். சில வாரங்கள் கழித்து அந்த வீட்டு அக்கா கூப்பிட்டார். "தம்பி, இந்த மாசம் ஒரு போன்கூட வரலியே, சைட்டுல ஏதும் பிரச்சினையா?" தளம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய முகவரிக்கு வந்தவர்கள் எல்லாரும் 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அக்காவுக்குப் பதில் சொன்ன நாளில் கற்றதைத்தான் இந்த அத்தியாயத்தில் எழுதுகிறேன்.

தேடுபொறி ஒரு பக்கத்தைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பதில் பெரும்பகுதி அதன் முகவரியின் பெயரில்தான் பதிவாகியிருக்கும். யார் யார் இணைப்புக் கொடுத்தார்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது, எத்தனை காலமாக இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் இருக்கும். முகவரியில் ஒரு எழுத்து மாறினாலும் கூகுளுக்கு அது புதுப் பக்கம். எழுத்து அதே எழுத்து, படம் அதே படம் என்பதைத் தானாகக் கண்டுபிடித்து நம் கணக்கில் சேர்த்துவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது.

முகவரி என்றால் என்ன என்று மலையகத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமல், வந்த கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸில் குவிந்து கிடந்ததை நம் வீடுகள் மறக்கவில்லை. பல தோட்டங்களில் அந்த நிலை இன்னும் தீர்ந்தபாடில்லை. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட கடிதம் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்து, ஒரு பிள்ளையின் வேலையே போய்விடும். எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் நடுவில் ஆள் இருக்காது. இணையத்தில் அந்த ஆளின் பெயர் வழிமாற்று, ஆங்கிலத்தில் ரீடைரக்ட்: பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் வெகுகாலமாகப் பழக்கிவைத்திருக்கும் அந்தச் சொல்லையே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

மாற்றத்தான் வேண்டுமா?

முகவரியை மாற்ற வேண்டும் என்று யாராவது வந்து கேட்டால், முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வையவிரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே இதற்கென ஒரு கட்டுரை எழுதி, நல்ல முகவரி மாறக் கூடாது என்று வாதாடினார். முகவரியில் உள்ள சொற்களுக்குத் தேடல் வரிசையில் மிகச் சிறிய பங்குதான் உண்டு. அழகுக்காக மாற்றினால் இழப்பு நிச்சயம், வரவு சந்தேகம். 1972இல் நாட்டின் பெயர் சிலோனிலிருந்து ஸ்ரீலங்காவாக மாறியபோதும் தேயிலைக்காரர்கள் 'சிலோன் டீ' என்ற பெயரை விடவில்லை. உலகச் சந்தை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் மாற்றியே ஆக வேண்டிய நிலைமைகள் உண்டு. டொமைன் மாறலாம். பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போக வேண்டியிருக்கலாம். ஒரு மொழியில் இருந்த தளத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று கிளையாகப் பிரிக்க வேண்டியிருக்கலாம். தளத்தை ஓட்டும் மென்பொருளே கைவிடப்பட்டதாக இருக்கலாம். இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் மாற்றுங்கள். ஆனால் ஒரே ஒரு முறை, பத்து வருடத்துக்கு மறுபடி தொடத் தேவையில்லாதபடி யோசித்து மாற்றுங்கள். முகவரிக்குள் வருடத்தைப் போடாதீர்கள். 'புதிய' என்ற சொல்லையும் போடாதீர்கள், அடுத்த வருடம் அது பழையதாகிவிடும்.

எப்போது மாற்றுவது என்பதும் முக்கியம். நடுத்தரமான ஒரு தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் புது முகவரிக்கு மாறச் சில வாரங்கள் ஆகும் என்று கூகுளே சொல்கிறது. அந்த வாரங்களில் வரிசை ஏறி இறங்கும். ஊவாத் தேயிலை விற்பவராக இருந்தால், கச்சான் வீசி இலை மணம் ஏறும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை தளத்தில் கைவைக்காதீர்கள். வாங்குபவர்கள் உங்களைத் தேடும் மாதங்கள் அவை. எல்ல, அப்புத்தளைப் பக்கம் அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஆகாது. ஒக்டோபர், நவம்பர் மழைக்காலத்தில் பயணிகள் குறைவு, அதுதான் தோது. ஆனால் நமது பக்கம் அந்த மாதங்களில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தளத்தின் முழுப் பிரதியொன்றை வேறொரு இடத்தில் எடுத்துவைத்த பிறகே தொடங்குங்கள்.

செக்ரோல்

தோட்டத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழாதவருக்கு அன்றைய சம்பளம் இல்லை. இங்கும் அதே கணக்குத்தான். பட்டியலில் விழாத பழைய முகவரிக்கு வழிமாற்று இருக்காது. அதனால் இந்த வேலையில் அதிக நேரம் போக வேண்டியது பட்டியல் எடுப்பதில்.

ஒரு எக்செல் தாளைத் திறந்து பழைய முகவரி, புதிய முகவரி என்று இரண்டு நிரல் போடுங்கள். முதல் நிரலை ஒரே இடத்திலிருந்து நிரப்ப முடியாது. தளத்தின் சைட்மேப்பில் இருப்பவை முதல் தொகுதி. அடுத்தது கூகுள் சர்ச் கன்சோல். அங்கே கடந்த 16 மாதங்களில் யாராவது தேடி வந்த பக்கங்கள் தெரியும். வெளியார் கொடுத்த இணைப்புகள் எந்தப் பக்கங்களுக்கு வருகின்றன என்பதும் அங்கேயே உண்டு, அந்தப் பக்கங்கள்தான் உங்கள் பொன்முட்டைகள். ஆனால் கன்சோல் ஒரு அறிக்கையில் 1,000 வரிகள்தான் தரும். மீதிக்கு சேர்வரின் லாக் கோப்பைப் பாருங்கள். நீங்களே மறந்துபோன முகவரிகளையும், பிடிஎஃப் கோப்புகளையும், படங்களையும் தேடி ஆட்கள் வந்துகொண்டிருப்பது அதில் தெரியும். தளம் ரொம்பப் பழையது என்றால் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் தேடுங்கள். உங்களுக்கு முன்பு அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டவர் வைத்த முகவரிகளும் அங்கே கிடைக்கலாம்.

கணினிக்கு வெளியேயும் பாருங்கள். அச்சடித்த துண்டுப் பிரசுரம், விசிட்டிங் கார்ட், ஆட்டோவின் பின்னால் ஒட்டிய க்யூஆர் ஸ்டிக்கர், இவற்றில் உள்ள முகவரியை யாராலும் திருத்த முடியாது. அவற்றைப் பட்டியலின் தலையில் எழுதுங்கள்.

இரண்டாவது நிரலை நிரப்பும்போது ஒரு பழைய பக்கத்துக்கு அதே விஷயத்தைச் சொல்லும் ஒரு புதிய பக்கம் என்று பொருத்துங்கள். அலுப்பில் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதை நிறையத் தளங்களில் பார்த்திருக்கிறேன். லிப்டன் சீட்டுக்கு வழி கேட்டு வந்தவரை "நல்வரவு" என்று சொல்லி வாசலில் நிறுத்தினால் அவர் திரும்பிப் போய்விடுவார். கூகுளும் அதை மறைமுகமான 404 ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் உண்மையிலேயே இல்லாமல் போய்விட்டது, அதற்கு நெருக்கமானதும் வேறில்லை என்றால், 404 அல்லது 410 என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். அதனால் தளத்துக்குக் குற்றம் ஏதும் வராது.

வழிமாற்றில் வகை உண்டு. 301 என்றால் நிரந்தரமாகப் போய்விட்டது, 302 என்றால் தற்காலிகம். உங்களுக்கு வேண்டியது 301. வழிமாற்றினால் பக்கத்தின் மதிப்புக் கொஞ்சம் கரைந்துவிடும் என்ற பயம் முன்பு இருந்தது. 301, 302 போன்ற வழிமாற்றுகளால் பேஜ்ராங்க் என்ற அந்த மதிப்புக் குறைவதில்லை என்று கூகுளின் கேரி இலியெஸ் 2016இல் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே துணிந்து போடலாம்.

தமிழ் முகவரியின் தனிச் சிக்கல்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது.

தமிழ் எழுத்தில் உள்ள முகவரி இணையத்தில் போகும்போது அப்படியே போவதில்லை. ஒவ்வொரு எழுத்துத் துண்டும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று குறிகளாக விரியும். 'பதுளை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ப, த, உகரக் குறி, ள, ஐகாரக் குறி என்று ஐந்து துண்டு. ஒன்றுக்கு 9 வீதம் மொத்தம் 45 குறிகள். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சில வேளை ஒரு முழக் குப்பையாகத் தெரிவது இதனால்தான்.

வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரித் துண்டுக்கு 200 குறிகளுக்குத்தான் இடம் வைத்திருக்கிறது. 200ஐ 9ஆல் வகுத்தால் 22. அதாவது தமிழில் 22 துண்டுக்கு மேல் போனால் மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். 'அப்புத்தளையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு நடந்து' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். முதல் சொல்லே 20 துண்டு, 180 குறி. இடைக்கோடு ஒன்று சேர்ந்து 181. பிறகு இரண்டு துண்டுக்குத்தான் இடம். முகவரி 'அப்புத்தளையிலிருந்து-லி' என்பதோடு நின்றுவிடும். அடுத்து 'அப்புத்தளையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஆட்டோவில்' என்று எழுதினால் அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில் வெட்டுப்பட்டு, வாலில் 2 என்ற எண்ணைச் சுமந்துகொண்டு நிற்கும். எது நடை, எது ஆட்டோ என்று முகவரியைப் பார்த்து உங்களாலேயே சொல்ல முடியாது. பட்டியல் எடுக்கும்போது இந்த இரண்டையும் மாற்றிப் பொருத்திவிடுவது மிகச் சுலபம். நான் செய்திருக்கிறேன். பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே புது முகவரியை எழுதுங்கள்.

இதைவிட மோசமானது கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். 'தோட்டம்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே துண்டாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். இலங்கையில் வெகுகாலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்துவிட்டு யூனிகோடுக்கு மாற்றிய எழுத்துகள் ஏராளம். அப்படி மாற்றியவற்றில் உடைந்த கொம்பும் காலும் ஒளிந்திருக்கக்கூடும். நீங்கள் போனில் தட்டிய 'தோட்ட'த்துக்கு வழிமாற்றுப் போட்டிருப்பீர்கள், கூகுள் வைத்திருப்பது பழைய 'தோட்ட'மாக இருக்கும். விதி சரியாக இருந்தும் 404 வருகிறது என்று இரவெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இதற்கு மருந்து ஒன்றுதான்: பழைய முகவரியை எப்போதும் கையால் தட்டாதீர்கள். லாக்கிலிருந்தோ கன்சோலிலிருந்தோ நகல் எடுத்து ஒட்டுங்கள்.

ஒட்டும்போதும் ஒரு கவனம் வேண்டும். அப்பாச்சி சேர்வரில் எச்டிஆக்சஸ் கோப்பில் விதி எழுதுபவர்கள், சதவீதக் குறிகள் நிறைந்த அந்த நீளக் கோர்வையை அப்படியே வைத்தால் வேலை செய்யாது. அப்பாச்சி அந்தக் கோர்வையை அவிழ்த்துத் தமிழ் எழுத்தாக்கிய பிறகே விதியோடு ஒப்பிடுகிறது. அவிழ்த்த தமிழ் எழுத்தையே எழுதி, கோப்பை யூடிஎஃப்-8இல் சேமியுங்கள். அந்தத் தங்குமிடத்தின் பழைய தளத்தைப் போல முகவரி கேள்விக்குறிக்குப் பின் எண்ணோடு இருந்தால் இன்னொரு சங்கதி: சாதாரண ரீடைரக்ட் வரி கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதைப் பார்ப்பதே இல்லை. ரீரைட் விதியில் குவெரி ஸ்ட்ரிங்குக்கென்று தனி நிபந்தனை எழுத வேண்டும். இதெல்லாம் தலைவலி என்பவர்களுக்கு வேர்ட்பிரஸில் ரீடைரக்ஷன் என்ற பிளகின் இருக்கிறது, 404களையும் அது குறித்துவைத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் முகவரியில் தமிழே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், கூகுள் அதைச் சரியாகவே படிக்கிறது. 2010 முதல் நமக்கு .இலங்கை என்ற டொமைனே இருக்கிறது, அது எனக்குப் பெருமை. இரண்டு மூன்று சொல்லோடு, 20 துண்டுக்குள் அடங்கும்படி சுருக்கமாக வையுங்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே தமிழ் முகவரியில் நன்றாக ஓடும் பக்கத்தை ஆங்கில எழுத்துக்கு மாற்றாதீர்கள். ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலுக்காகவும் மாற்றாதீர்கள். அப்புத்தளை என்று தேடுபவரும் உண்டு, ஹப்புத்தளை என்று தேடுபவரும் உண்டு. முகவரியில் ஒன்றை நிலையாக வைத்துவிட்டு, மற்றதைப் பக்கத்தின் எழுத்துக்குள் இயல்பாக வரவிடுங்கள்.

சங்கிலி

இரண்டாவது முறையாக முகவரி மாற்றுபவர்களுக்கு வரும் வியாதி இது. முதல் முகவரி இரண்டாவதுக்கு அனுப்பும், இரண்டாவது மூன்றாவதுக்கு அனுப்பும். தமிழ் விக்கிப்பீடியாவிலும் இது உண்டு. அங்கே ஒரு கட்டுரையை வேறு தலைப்புக்கு நகர்த்தினால் பழைய தலைப்பில் வழிமாற்று ஒன்று தானாக நிற்கும். இலங்கை வழக்கு, தமிழ்நாட்டு வழக்கு என்று ஊர்ப் பெயர்கள் இரண்டு விதமாக எழுதப்படும் ஒரு தளத்தில் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டுரையை மறுபடி நகர்த்தினால், முதல் வழிமாற்று இரண்டாவது வழிமாற்றைக் காட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்கு அப்பால் அந்த மென்பொருள் வாசகரை அழைத்துப்போகாது. அதனால் அங்கே இரட்டை வழிமாற்றுகளுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு. அதைப் பார்த்துப் பார்த்து, பழையதை நேராகக் கடைசித் தலைப்புக்குத் திருப்பிவிடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்.

கூகுளின் ரோபோ 10 தாவல் வரை பின்தொடரும் என்பது உண்மை. ஆனால் மடுல்சீமையில் ஒரு லயத்து வாசலில் ஒரே ஒரு கோடு சிக்னலில் உங்கள் பக்கத்தைத் திறப்பவருக்கு, ஒவ்வொரு தாவலும் இன்னொரு முறை சேர்வருக்குப் போய் வரும் நேரம். அவரை நினைத்துக்கொண்டு சங்கிலியை அறுங்கள்.

மாற்றும் நாள்

அன்று தளத்தின் தோற்றத்தை மாற்றாதீர்கள், எழுத்தையும் மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால், பின்னால் வரிசை விழும்போது எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

வழிமாற்றுகளைப் போட்டு முடித்ததும் தளத்துக்குள் இருக்கும் இணைப்புகளைப் புது முகவரிக்குத் திருத்துங்கள். மெனு, அடிக்குறிப்பு, கட்டுரைக்குள் கொடுத்த இணைப்பு எல்லாம். பக்கத்தின் அசல் முகவரி எது என்று கூகுளுக்குச் சொல்லும் கனானிகல் குறி புது முகவரியைச் சொல்கிறதா என்று பாருங்கள். மூன்று மொழித் தளமென்றால் ஒவ்வொரு மொழிப் பக்கமும் மற்ற இரண்டையும் புது முகவரியில் சுட்ட வேண்டும். புது சைட்மேப்பைக் கன்சோலில் கொடுங்கள். பழைய முகவரிகளை ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிடாதீர்கள். தடுத்தால் கூகுள் உள்ளே வந்து 301ஐப் பார்க்கவே முடியாது. சோதனைக்காகத் தளத்தை ஒளித்துவைத்திருந்தபோது வேர்ட்பிரஸில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு பெட்டியில் சரி போட்டிருப்பீர்கள். அதை எடுத்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். கன்சோலில் முகவரி மாற்றத்துக்கென்று உள்ள கருவி டொமைன் மாறும்போது மட்டும் உதவும், உள்பாதை மாற்றத்துக்கு அது தேவைப்படாது.

அதன் பின் முதல் வாரம் தினமும் 404 பட்டியலைப் பாருங்கள். செக்ரோலில் விடுபட்டவர்கள் அங்கே வந்து நிற்பார்கள், ஒவ்வொருவருக்கும் வழிமாற்றுப் போடுங்கள். வரிசை இறங்கினால் பதறிப்போய்ப் பழைய முகவரிக்கே திரும்பிவிடாதீர்கள். அது கூகுளுக்கு இன்னொரு இடமாற்றம், காத்திருக்கும் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாலைந்து வாரம் பொறுங்கள். இடையில் கூகுள் மேப்ஸ் பதிவு, பேஸ்புக் பக்கம், அறை பதியும் தளங்கள் ஆகியவற்றில் உள்ள முகவரியை நீங்களே திருத்துங்கள். முக்கியமான இணைப்புக் கொடுத்தவர்களுக்கு ஒரு மரியாதையான மின்னஞ்சல் எழுதுங்கள், பாதிப்பேராவது மாற்றித் தருவார்கள்.

வழிமாற்றுகளைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அந்த ஒரு வருடம் ரோபோவுக்குப் போதும், மனிதர்களுக்குப் போதாது. டொமைனுக்குப் பணம் கட்டும் வரை வழிமாற்றும் இருக்கட்டும். பழைய டொமைனையும் கைவிடாதீர்கள். அது காலாவதியானால் யாரோ வாங்கி, உங்களை நம்பி வருபவரை வேறெங்கோ கூட்டிப்போவார்கள்.

அந்தத் தங்குமிடத்துக்கு நான் பின்னால் உட்கார்ந்து எல்லா எண்களுக்கும் வழிமாற்றுப் போட்டுக்கொடுத்தேன். கூகுளில் பழைய இடம் திரும்ப மாதக் கணக்கில் ஆனது. இன்றும் அவர்களுடைய லாக்கைத் திறந்தால் அந்தப் பழைய கேள்விக்குறி முகவரிக்கு வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். எங்கிருந்து என்று வெகுநாள் புரியவில்லை. ஒரு நாள் அப்புத்தளை ஸ்டேஷனுக்கு வெளியே நின்ற ஆட்டோவின் பின்கண்ணாடியில், வெயிலில் மஞ்சள் பூத்துப்போன எங்கள் முதல் க்யூஆர் ஸ்டிக்கரைக் கண்டேன். போனை எடுத்துக் காட்டினேன். லிப்டன் சீட்டுக்குப் போகும் வழி திறந்தது.